முப்பத்து நான்கு அரை

2025, மார்ச் 11, செவ்வாய்க்கிழமை, காலை மணி ஆறு பத்து. இரவு பெய்த மழை விட்டிருந்தது. வெளியே இன்னும் இருட்டு. காற்று இல்லை. கால்வாயில் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. நான் அடுப்படியில் காப்பி கலக்கிக்கொண்டிருந்தேன். இடது கையிலிருந்து கரண்டி விழுந்தது. எடுத்தேன். மறுபடியும் விழுந்தது. மூன்றாம் முறை எடுக்கக் குனிந்தவன் கரண்டியோடு தரையில் கிடந்தேன்.

என் வயது எழுபத்தாறு. குளுவாங்குக்கு வெளியே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் முப்பத்தொரு வருடம் கிராணியாக இருந்தவன். காலைப் பெரட்டில் வரிசையில் நிற்கும் ஆட்களை எண்ணுவது, யார் எவ்வளவு வேலை செய்தார்கள் என்று செக்ரோல் ஏட்டில் பதிவது, இதுதான் என் தொழில். மனைவி இறந்து நான்கு வருடமாகிறது. அதன்பின் சிங்கப்பூர் எல்லையருகே தெப்ராவில் மகள் மாலதியோடு இருக்கிறேன். அவளுக்கு வயது நாற்பத்து மூன்று, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சிங்கப்பூரில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடமாக வேலை. சாதாரண ஆளாகச் சேர்ந்து, இரவில் படித்து, போன வருடம்தான் ஒரு வரிசைக்குத் தலைவியானாள். தினமும் விடியற்காலை நாலரைக்கு மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலத்தைக் கடந்து போவாள்.

தரையில் இழுத்து இழுத்து நாற்காலி வரை வந்தேன். அதன் மேல்தான் கைப்பேசி இருந்தது. அதை வலது கையால் எடுத்து வைத்துக்கொண்டு யோசித்தேன். வேலை நேரத்தில் மாலதியின் கைப்பேசி பூட்டிய பெட்டிக்குள் இருக்கும். பத்தரைக்குத் தேநீர் வேளையில்தான் திறப்பாள். அதற்குள் சரியாகிவிடும் என்று நினைத்தேன். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடலாம். கைலி அவிழ்ந்து கிடக்கிற கோலத்தில் என்னை அவர் பார்க்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன். நாலு மணி நேரமும் இருபது நிமிடமும் அந்த நாற்காலிக் காலில் சாய்ந்தபடி காத்திருந்தேன். அடுப்படித் தரையில் நூற்று எட்டு ஓடுகள். பத்தரைக்கு அவளை அழைத்தபோது என் பேச்சு எனக்கே புரியவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆம்புலன்சுக்கு அவள்தான் அங்கிருந்தே சொன்னாள்.

அரசாங்க மருத்துவமனைக்குள் என்னைத் தள்ளிக்கொண்டு போனபோது மணி பதினொன்று நாற்பது. பக்கவாதம். மூளைக்குப் போகும் ஒரு ரத்தக்குழாயில் சிறு ரத்தக்கட்டி அடைத்துக்கொண்டது. அடைத்த இடத்துக்கு அப்பால் ரத்தம் போகவில்லை. அந்தப் பகுதி சொல்வதைக் கேட்கும் இடது கையும் காலும் நின்றுவிட்டன. மலாய் நர்சுகள், எங்கள் பேச்சில் மிஸ்ஸிகள், இதை ‘அங்கின் அஹ்மார்’ என்றார்கள். அங்கின் என்றால் காற்று. ஒரு இலைகூட அசையாத காலையில் எனக்குக் காற்று அடித்திருக்கிறது.

மண்டையைக் கத்தியில்லாமல் சீவிச் சீவிப் படமெடுக்கும் சி.டி. ஸ்கேன் முடிந்ததும் ஓர் இளம் சீன டாக்டர் வந்தார். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று இரண்டு தடவை கேட்டார். ஆறு பத்து என்று இரண்டு தடவையும் சொன்னேன். கட்டியைக் கரைக்கும் ஊசி ஒன்று இருக்கிறது, அதை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்றார். கணக்கு எனக்கு உடனே தெரிந்தது. பத்து நாற்பதுக்குள் அங்கே இருந்திருக்க வேண்டும். ஒரு மணி நேரம் பிந்திவிட்டேன். டாக்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

வார்டில் எட்டுப் படுக்கைகள், ஆறு மின்விசிறிகள், அதில் ஒன்று சுற்றாது. என்னுடையது நான்காவது படுக்கை, சுற்றாத விசிறிக்கு நேர் கீழே. முதல் வேலையாக விழுங்கும் சோதனை செய்தார்கள். தொண்டையின் ஒரு பக்கம் சோர்ந்திருந்ததால், வெறும் தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விடும் என்று மாவு கலந்து கஞ்சிப் பதத்தில் கரண்டியால் கொடுத்தார்கள். தண்ணீரைக் குடிக்கவில்லை, தின்றேன். ஒரு குவளைக்குப் பதினேழு கரண்டி. அது நோன்பு மாதம். சாயங்காலம் மிஸ்ஸிகள் மேசையோரம் நின்று பேரீச்சம்பழத்தோடு நோன்பு திறப்பார்கள். அவர்கள் தண்ணீர் குடிப்பதைப் பார்த்துக்கொண்டே கிடப்பேன். மாலதி வீட்டில் ரசம் சாதத்தைக் குழைய அரைத்து, வடிகட்டி, புட்டியில் கொண்டு வருவாள். வாயின் இடது ஓரத்தில் வழிவதைத் துணியால் துடைப்பாள். துடைப்பதற்கு முன் யாரும் பார்க்கிறார்களா என்று ஒருமுறை சுற்றிப் பார்ப்பாள். அவள் சோறு கொண்டுவந்ததைவிட, அப்படிப் பார்த்ததுதான் என்னை அதிகம் அழவைத்தது. இந்த நோயில் அழுகை தானாக வரும் என்று டாக்டரும் சொன்னார். எனக்கு வந்ததெல்லாம் தானாக வந்தது அல்ல.

மூன்றாம் நாள் அவளிடம் கேட்டேன்.

“வேலை?”

“சம்பளமில்லாத லீவு போட்டுட்டேன்ப்பா. ரெண்டு மாசம் குடுத்திருக்காங்க. மே பதினொன்னு வரைக்கும்.”

“அதுக்கு அப்புறம்?”

“அப்புறம் பார்த்துக்கலாம். நீங்க சாப்பிடுங்க.”

“நான் தனியா கக்கூசுக்குப் போக முடியலன்னா நீ என்னா செய்வ?”

“அப்பா, வாய மூடிட்டு விழுங்குங்க. பேசிட்டே விழுங்கக் கூடாதுன்னு மிஸ்ஸி சொன்னாங்கல்ல?”

அன்றிலிருந்து எனக்கு வேறு கவலை இல்லை. எங்கள் வீட்டில் என் கட்டிலிலிருந்து கழிவறைக்குப் பதின்மூன்று அடி. போய் வர இருபத்தாறு. இந்த இருபத்தாறு அடியை மே பதினொன்றுக்குள் நான் தனியாக நடந்தால் மாலதி வேலைக்குப் போகலாம். நடக்காவிட்டால் பத்தொன்பது வருடம் போய்விடும்.

பக்கத்துப் படுக்கையில் அந்தோணி இருந்தார். என் வயதுதான், பழைய லாரி ஓட்டுநர். சர்க்கரையால் இடது காலில் இரண்டு விரல்களை எடுத்திருந்தார்கள். நான் கிராணியாக இருந்தவன் என்று தெரிந்ததும் அவருக்குப் பொழுது போக வழி கிடைத்துவிட்டது.

“என்னா கிராணியாரே, இன்னிக்கு ஒங்க காலு பெரட்டுக்கு வந்துச்சா?”

“வரல.”

“அலமாக்! அப்ப ஆப்சென்ட் போடுங்க, சம்பளத்தப் புடிங்க. அடுத்தவன் காலுன்னா விடுவீங்களா?” அவரே சிரித்துக்கொண்டார். “எனக்கு வெரல் இல்ல, ஆனா நடக்குறேன். ஒங்களுக்கு அஞ்சும் இருக்கு, கெடக்குறீங்க. ஆண்டவன் ஸ்டோர்ல என்னமோ சாமான் மாத்திக் குடுத்துட்டான் லா.”

இன்னொரு நாள் சிரிக்காமல் சொன்னார். “எங்கம்மாவும் பால்மரம் வெட்டுனவங்கதான். அவங்க தோட்டத்துலயும் ஒரு கிராணி இருந்தான். நாலு மரம் விட்டுப்போச்சுன்னு அரைநாள் போடுவான். நானூத்தம்பது மரம் வெட்டிட்டு வந்த பொம்பளைக்கு அரைநாள். கேட்டா, சட்டம்பான்.”

“சட்டந்தானே” என்றேன். வாய்க்குழறலில் அவருக்கு அது கேட்டதோ இல்லையோ. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஐந்தாம் நாள் கவிதா என்ற பெண் வந்தாள். உடற்பயிற்சி கொடுத்து நடக்கப் பழக்குபவள், பிசியோ என்பார்கள். மூவார் ஊர்க்காரி, முப்பது வயதிருக்கும். வந்ததும் ஒரு தாளை நீட்டினாள்.

“அங்கிள், வீட்டுக்குப் போனா என்னா செய்யணும்னு ஆசை? மூணே மூணு எழுதுங்க. பெருசா எழுதாதீங்க, மலை ஏறணும்லாம் வேணாம்.”

“நடக்கும்னு எனக்கு நம்பிக்கை இல்லம்மா.”

“நம்பிக்கை வரட்டும்னு காத்திருந்தா காலு எறுகிப் போயிரும் அங்கிள். இன்னிக்குக் கட்டிலு ஓரமா ஒக்காருங்க. அது போதும். நாளைக்கு நிப்போம்.”

எழுதினேன். ஒன்று, கழிவறைக்குத் தனியே போய் வருவது. இரண்டு, சட்டைப் பொத்தான் போடுவது. மூன்று, சோற்றைச் சுட வைத்து நானே சாப்பிடுவது. அன்று கட்டில் ஓரத்தில் நாலு நிமிடம் உட்கார்ந்தேன். மறுநாள் அவள் தோளைப் பிடித்து நின்றேன். எட்டாம் நாள் கம்பிகளுக்கு நடுவே ஆறு அடி. பன்னிரண்டாம் நாள், மார்ச் இருபத்திரண்டாம் தேதி, வீட்டுக்கு அனுப்பினார்கள். புறப்படும்போது கவிதா ஓர் அட்டை கொடுத்தாள். மேலே தேதிகள், ஓரத்தில் என் மூன்று ஆசைகள், நடுவே கட்டங்கள்.

“நாலுகால் கைத்தடியோட நடங்க. கழிவறை வரைக்கும் போயி வர்றது ஒரு நடை. கொஞ்சங் கொஞ்சமாக் கூட்டி, ஒரு நாளைக்குப் பத்து நடை வரைக்கும் போங்க. செஞ்ச அன்னிக்கு ஒரு டிக் போடுங்க. அக்கா, நீங்க அந்த அட்டையப் பார்த்துக்குங்க. அடுத்த தேதி மே ஆறு.”

ஒரு டிக் என்ன சொல்லும்? எவ்வளவு செய்தான் என்று அதில் எங்கே இருக்கிறது? இப்படிப் பொறுப்பில்லாமல் ஓர் ஏடு எழுதுவதா என்று எனக்கு வீடு வரும்வரை எரிச்சல். அட்டையைக் குளிர்பெட்டிக் கதவில் மாலதி ஒட்டினாள். எனக்குத் தெரிந்த முறையில் அதை எழுதத் தொடங்கினேன். முழு வேலைக்கு 1. குறைந்தால் ½. வேலையே இல்லாவிட்டால் 0. முழு வேலை என்பது பத்து நடை.

மறுநாளிலிருந்து நாலு நாள் 0. ஐந்தாம் நாள், மார்ச் இருபத்தேழு, மாலதி சந்தைக்குப் போயிருந்தபோது கைத்தடியை ஊன்றி எழுந்தேன். சுவரைத் தொடவில்லை. பதின்மூன்று அடி போனேன், திரும்பினேன், பதின்மூன்று அடி வந்தேன். கட்டிலில் விழுந்தபோது நெஞ்சு அடித்தது நிமிடத்துக்கு நூற்றுப்பன்னிரண்டு. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பத்தில் ஒன்று என்றுதான் மனம் சொன்னது. ½ போட்டேன்.

அதன்பின் ஒரு திட்டம் போட்டேன். ஐந்து நாளைக்கு ஒரு நடை கூட்டுவது. அப்படிக் கூட்டினால் மே பதினொன்றாம் தேதி, மாலதியின் விடுப்பு முடியும் அன்று, பத்து வரும். அன்று அவளை உட்கார வைத்து நடந்து காட்டுவது. அதுவரை சொல்வதில்லை. முழுதாகாத வேலையைக் கொண்டுவந்து காட்டுகிற ஆளை நான் என்றைக்கும் மதித்ததில்லை. தினமும் அவள் சந்தைக்குப் போகும் பத்து மணிக்குத் தொடங்குவேன். அவள் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் படுத்துக்கொள்வேன். அவள் இருக்கும்போது நான் எழ நினைத்தாலே ஓடிவந்து கக்கத்தில் கை கொடுப்பாள். கொடுக்கட்டும் என்று விட்டுவிடுவேன். அவள் பிடித்தால் எனக்கும் பயம் குறைவாக இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஏப்ரல் ஒன்றிலிருந்து இரண்டு நடை. ஆறிலிருந்து மூன்று. பதினாறிலிருந்து ஐந்து. இருபத்தாறிலிருந்து ஏழு. ஒரு நாள்கூடத் தவறவில்லை. ஒவ்வொரு நாளும் அட்டையில் ½. சாயங்காலம் அதைப் பார்க்கும்போது எனக்கே சோர்வாக இருக்கும். கால் தேறிக்கொண்டிருந்தது, அட்டையில் நான் தேறவே இல்லை. ஏழு நடை நடந்தவன், இன்றும் அரைதானா என்று படுத்துக்கொள்வேன்.

அதே அட்டையின் முன்னால் மாலதி தினமும் காலையில் காப்பிக் குவளையோடு நிற்பாள். அவள் என்ன நினைக்கிறாள் என்று நான் கேட்டதில்லை.

மே ஆறு, செவ்வாய்க்கிழமை. மருத்துவமனையில் எங்கள் எண் 2047. நாற்பத்தொரு எண்கள் கழித்துக் கூப்பிட்டார்கள். கவிதா என் காலைத் தட்டிப் பார்த்தாள், கையைத் தூக்கச் சொன்னாள். திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டே மாலதியைக் கேட்டாள்.

“அக்கா எப்ப வேலைக்குத் திரும்புறீங்க?”

“வேலைய விட்டு நின்னுட்டேன். போன செவ்வாக்கெழம லெட்டர் அனுப்பிட்டேன்.”

நான் அதை அப்போதுதான் கேட்கிறேன். “லீவு பதினொன்னு வரைக்கும்னு சொன்னியே?”

“லீவு பதினொன்னு வரைக்கும்ப்பா. வருவியா மாட்டியான்னு ஏப்ரல் முப்பதுக்குள்ள சொல்லச் சொன்னாங்க. ஒங்ககிட்ட சொன்னா ஒங்களுக்கு ரத்தக்கொதிப்பு ஏறும். சொல்லல.”

கவிதா அதற்குள் அட்டையைக் கையில் எடுத்திருந்தாள். “இது என்னா அங்கிள், எல்லாம் அரை அரைன்னு?”

விளக்கினேன். பத்து நடை முழு வேலை. குறைந்தால் அரை.

“சரி, நேத்து எத்தனை நடை?”

“எட்டு.”

“எட்டா?”

“அஞ்சு நாளா எட்டு. அதுக்கு முந்தி அஞ்சு நாளு ஏழு.”

“யாரு புடிச்சா?”

“யாரும் புடிக்கல. சொவரத் தொட்டா அந்த நடையக் கணக்குல சேக்கிறது இல்ல.”

கவிதா நாற்காலியை இழுத்து என் முன்னால் உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “அங்கிள், பத்து நடை பயிற்சிக்கு. கழிவறைக்கு ஒரு தடவை போயி வந்தாப் போதுமே? மொத நடை தனியா எப்ப நடந்தீங்க?”

“மார்ச் இருபத்தேழு.”

மாலதி கையை நீட்டினாள். அட்டையை வாங்கி, ஏப்ரல் இருபத்தொன்பதாம் தேதிக் கட்டத்தில் விரல் வைத்து, பின்னோக்கி எண்ணினாள். உதடு மட்டும் அசைந்தது. அவளும் கிராணி மகள்தானே.

“முப்பத்து நாலு அரை” என்றாள். “தினம் அதைத்தான்ப்பா பார்த்தேன். பாதி வழி போயி ஒக்காந்துட்டீங்கன்னு நெனச்சேன். ஒரு மாசமா பாதி வழிதான், இனிமே அப்பா அவ்வளவுதான்னு நெனச்சேன்.”

“பதினோராம் தேதி காட்டலாம்னு இருந்தேன்மா.”

“ஏழுன்னு ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம்லப்பா. ஏழு.”

அவள் கோபப்படவில்லை. என் செருப்பை எடுத்து மாட்டினாள். அப்போது எனக்கு அந்தோணியின் தாயாரின் ஞாபகம் வந்தது. நான் அந்த அம்மாளைப் பார்த்ததே இல்லை. என் கையால் அரைநாள் போட்டவர்கள் எத்தனை பேர் என்ற எண் மட்டும் என்னிடம் இல்லை. அதை நான் எண்ணி வைக்கவில்லை.

அன்று பிற்பகலே மாலதி தொழிற்சாலைக்குப் பேசினாள். கடிதத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டாள். நான் அறைக்குள் கட்டிலில் இருந்தேன். கதவு பாதி திறந்திருந்தது. அவள் “ஓகே, ஓகே, தேங்க் யூ மிஸ்” என்றது ஐந்து தடவை கேட்டது. வரிசைக்கு வேறு ஆளை வைத்துவிட்டார்களாம். வேண்டுமானால் புதிதாக மனுப் போடலாமாம், அடிமட்ட வேலைக்கு, வயதைப் பார்த்து யோசிப்பார்களாம். மறு வாரமே தெப்ராவில் ஒரு பேரங்காடியில் கல்லாவில் சேர்ந்தாள்.

அதற்கு முந்தின நாள், மே பதினொன்று, ஞாயிறு, நான் பத்து நடை நடந்தேன். மாலதி அடுப்படி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குக் காட்ட என்னிடம் வேறு எதுவும் இல்லை. ஆறாவது நடையில் கால் பின்னியது. அவள் எழுந்தாள், எழுந்தவள் தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். நான் நின்று, தடியை மாற்றி ஊன்றி, நடந்தேன். ஒவ்வொரு திரும்பலுக்கும் அவள்தான் எண்ணினாள். “ஏழு... எட்டு... மெதுவா, மெதுவா... ஒம்பது.” பத்தைச் சொல்ல அவள் எனக்கு விட்டுவிட்டாள். நானே சொல்லிக்கொண்டேன்.

இந்த நோயில் விழுந்து எழுந்துகொண்டிருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்றே ஒன்று சொல்வேன். திட்டம் போடுங்கள், நான் போட்ட திட்டத்தில் தப்பில்லை, நாள் பிசகாமல் நடந்தது. ஆனால் தினமும் எவ்வளவு குறைந்தது என்று எழுதாதீர்கள், எவ்வளவு செய்தோம் என்று எழுதுங்கள். எழுதியதை வீட்டில் உள்ளவர்களிடம் வாயால் சொல்லுங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். சட்டையில் ஐந்து பொத்தான்களில் மூன்று போட்டால் மூன்று என்று எழுதுகிறேன். மாலதி வேலை முடிந்து வந்ததும் “மூணு” என்பேன். “பரவால்லையே” என்பாள், பையை இறக்கி வைத்துக்கொண்டே. நான் சோற்றைச் சுட வைத்திருப்பேன். சேர்ந்து சாப்பிடுவோம். அவள் பேசுவது முன்பைவிடக் குறைவு. விடியற்காலை நாலு மணிக்கு, பழகிப்போன உடம்பு, இன்னும் எழுந்துவிடுகிறாள். போக இடமில்லாமல் கூடத்தில் விளக்கைப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள்.

இன்று நவம்பர் பதினொன்று. எட்டு மாதம் முடிகிறது. மருத்துவமனையில் பதினொரு நாளுக்கு எண்பத்தாறு ரிங்கிட்தான் வாங்கினார்கள். தண்ணீரில் கலக்கும் மாவு, அணையாடை, நாலுகால் தடி, போக வர வாடகைக் கார், எல்லாம் சேர்த்து ஐந்நூற்று ஐம்பத்தொன்பது. சம்பளமில்லாத இரண்டு மாதத்தில் மாலதிக்குப் போனது பதினாறாயிரத்து இருநூறு. சிங்கப்பூர்ச் சம்பளத்துக்கும் கல்லாச் சம்பளத்துக்கும் மாதம் ஐயாயிரத்து எழுநூறு வித்தியாசம். அது ஆறு மாதத்துக்கு முப்பத்து நாலாயிரத்து இருநூறு. இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன். இன்று வரைக்கும், ஐம்பத்தோராயிரத்து நாற்பத்தைந்து ரிங்கிட்.